விபரமாகக் கோபப்படு

தோர்ண்டன் ஹீத், லண்டன்.
11.09.1994

அன்புள்ள அக்காவுக்கு,

பத்மநாதன் எழுதுவது. நான், கனகாம்பிகை, நிரோஜினி மூவருக்கும் இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி? வலிக்குப் பூசுகிற மருந்து ஒன்று ஆள் மூலம் அனுப்பியிருந்தேன். அது வந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் உங்கள் பேனா தேய்ந்துவிடாது.

இந்தக் கடிதம் நல்ல செய்திக்கு. நிரோஜினிக்குக் கிராமர் ஸ்கூல் கிடைத்துவிட்டது.

இந்த நாட்டில் கிராமர் ஸ்கூல் என்றால் சும்மா இல்லை அக்கா. மற்றப் பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்து வீதியில் குடியிருந்தால் போதும், எடுத்துவிடுவார்கள். கிராமர் ஸ்கூலுக்கு மூளை வேண்டும். நோர்பரியிலும் இங்கேயும் இருக்கிற எங்கள் சனம் பிள்ளைக்குப் பல் முளைக்க முதலே ரியூசன் தேடத் தொடங்கிவிடுகிறது. கோயிலில், கலியாண வீட்டில், சாமான் கடையில் இதுதான் கதை: யாருடைய பிள்ளை எடுபட்டது, யாருடையது எடுபடவில்லை. எடுபடாத பிள்ளையின் தாய் கொஞ்சக் காலத்துக்குக் கோயிலுக்கு வருவதில்லை.

எனக்கு அலைச்சலே இல்லை. என்னோடு பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை செய்கிற கிறிஸ்துநாயகம், மானிப்பாய்ப் பெடியன், சேர்ச்சுக்குப் போகிறவன், ஒரு நாள் சொன்னான்: “அண்ணை, எங்கட சேர்ச் ஹோலில கிராமர் ஸ்கூல் ஒண்டு தொடங்கியிருக்கினம். இடம் இருக்கு, போய்க் கேளுங்கோ.” அன்றைக்கே போனேன். தலைமை ஆசிரியை மிஸஸ் பெல் என்ற வெள்ளைக்காரி. நிரோஜினியை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வாசித்ததைச் சொல்லச் சொன்னார். இவள் கடகடவென்று ஒப்புவித்தாள். “எங்கள் கிராமர் ஸ்கூலுக்கு ஏற்ற பிள்ளை” என்றார். பதினொரு வயதில் அல்லவா சேர்ப்பது, இவளுக்கு ஒன்பதுதானே என்று கேட்டேன். நாங்கள் ஐந்து வயதிலேயே கிராமர் தொடங்கிவிடுவோம் என்றார். முந்திக்கொண்ட ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிடம் கொஞ்சம் பழசு. பிள்ளைகளும் குறைவு. கட்டணத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பெற்றோர் வேலை செய்து கொடுக்கலாம் என்றார்கள். என் பங்குக்குச் சனிக்கிழமைகளில் ஹோல் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறேன். பெரிய இடங்களில் இப்படி ஒரு பழக்கம் இருக்கும் போல.

ஊரில் எல்லாருக்கும் சொல்லுங்கள். முக்கியமாகப் பக்கத்து வீட்டு அருமைநாயகிக்குச் சொல்லுங்கள். லண்டனுக்குப் போய்ப் பெற்றோல் அடிக்கிறவனின் பிள்ளை என்னத்தைப் படிக்கப் போகுது என்று கேட்டவள் அவள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி பத்மநாதன்


உரும்பிராய், யாழ்ப்பாணம்.
23.10.1994

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சுற்றிச் சுழன்று வந்து சேர்ந்தது. மருந்தும் வந்தது. அது முழங்காலுக்கா பல்லுக்கா என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். முழங்காலுக்கே பூசினேன். மணம் நல்லது, வலி அப்படியே இருக்கிறது. உன் வயிற்று எரிவு எப்படி என்று நீ எழுதவில்லை. அது இருந்தால்தான் எழுதமாட்டாய், எனக்குத் தெரியும்.

இலக்கணத்துக்கென்றே அந்த நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று வாசித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இங்கே என் வகுப்பில் வேற்றுமை கேட்டால் பிள்ளைகள் ரியூசன் நோட்ஸில் இருக்கிற விடையை மட்டும் சொல்லுதுகள். ஏன் என்று கேட்டால் முழிக்குதுகள். இருபது வருடமாக இந்தக் கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். இலக்கணம் தெரியாத படிப்பு படிப்பே இல்லை என்று நான் சொல்வதை வெள்ளைக்காரனாவது ஒப்புக்கொண்டானே.

ஆனால் உன் கடிதம் அரைகுறை. எழுத்திலிருந்து தொடங்குகிறார்களா, சொல்லிலிருந்தா? பிள்ளை எதைப் பாடமாக்குகிறாள்? இதை ஒன்றையும் எழுதாமல் சுவருக்குப் பெயின்ற் அடித்த கதையை எழுதியிருக்கிறாய்.

அருமைநாயகிக்குச் சொன்னேன். மூன்று வீடு தள்ளி இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

அன்புடன்
அக்கா தவநாயகி


தோர்ண்டன் ஹீத்.
04.12.1994

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர். மற்றபடி சுகம் என்று எழுத வேண்டியது முறை, எழுதுகிறேன். அருமைநாயகியைத் தவிர வேறு யாருக்கும் சொல்லாமல் இருந்தால் இனிச் சொல்ல வேண்டாம்.

போன கிழமை டொக்டர் பத்ரிநாராயணன் பெற்றோல் அடிக்க வந்தார். சென்னைக்காரர், நல்ல மனுஷன், என்னைக் கண்டால் நின்று தமிழ் கதைப்பார். தன் மகள் கிராமர் ஸ்கூல் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றார். என் மகள் ஏற்கெனவே போகிறாள் என்றேன். எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. “தோர்ண்டன் ஹீத்ல கிராமர் ஸ்கூலே கிடையாதே சார், சட்டன் பக்கம் போகணும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மிச்சக் காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனார்.

வேலை உடுப்போடேயே மிஸஸ் பெல்லிடம் போனேன். நீங்கள் கிராமர் ஸ்கூல் என்று சொன்னீர்களா இல்லையா என்று கேட்டேன். ஆமாம், உங்கள் மகள் கிராமர் ஸ்கூலில்தான் இருக்கிறாள் என்றார். பிறகு என்னை இருத்தி வைத்துத் தேநீர் தந்து விளக்கினார். பிள்ளையின் படிப்பு மூன்று படியாம். சின்ன வயதில் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கத்திச் சொல்லப் பிடிக்கும், அது கிராமர் படி. பன்னிரண்டு வயதளவில் எல்லாவற்றுக்கும் எதிர்த்துக் கதைக்கப் பிடிக்கும், அது லொஜிக் படி. அதற்குப் பிறகு அழகாகப் பேசி மற்றவர்களை இணங்க வைக்கப் பிடிக்கும், அது மூன்றாவது படி. ஐரோப்பாவில் பழைய காலத்தில் இப்படித்தான் படிப்பித்தார்களாம், இடையில் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்களாம். ஆகவே கிராமர் ஸ்கூல் என்றால் அவர்களுக்குச் சின்ன வகுப்பு. அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு என் மகள் என்னவாக வருவாள் என்று கேட்டேன். முழுமையான மனுஷியாக வருவாள் என்றார். அதற்கு ஒரு பள்ளிக்கூடமா? நாங்கள் பெறும்போதே அவள் முழுசாகத்தான் இருந்தாள்.

கிறிஸ்துநாயகத்தைப் பிடித்து நல்லாய் ஏசினேன். அவனுக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. “நான் பொய் சொல்லேல்லையே அண்ணை. அங்க கிராமர்தானே படிப்பிக்கினம்” என்றான்.

அக்கா, அவர்கள் வேதம் சொல்லிக் கொடுப்பது என் பிரச்சினை இல்லை. நானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, காலையில் அங்கே கண்ணை மூடி ஜெபம் சொல்லி, பின்னேரம் பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போட்டவன்தான். என் பிரச்சினை வேறு. செத்துப்போன லத்தீன் மொழியைப் பிள்ளை கிளி மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோயிலில் எல்லாருக்கும் லட்டும் கொடுத்துவிட்டேன். இனி அதைத் திருப்பி வாங்கவா முடியும்.

வருகிற வருடம் கார்த்திகையில் சட்டன் பரீட்சை. அதற்குப் பிள்ளையைத் தயார்படுத்தி, இங்கிருந்து எடுத்துவிடப் போகிறேன். இது முடிவு.

பத்மநாதன்


உரும்பிராய்.
22.01.1995

அன்புள்ள தம்பிக்கு,

இப்போது சண்டை நின்று கொஞ்சம் அமைதி. தபாலும் வருகிறது, நித்திரையும் வருகிறது. முழங்காலுக்கு அது தெரியவில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீ ஏன் கோபப்படுகிறாய் என்று மூன்று தரமும் விளங்கவில்லை. கிராமர் ஸ்கூல் என்றாய். போனாய். அங்கே கிராமர் படிப்பிக்கிறார்கள். இதில் யார் உன்னை ஏமாற்றியது? மீன் கடைக்குப் போய் மீன் இருக்கிறது என்று சண்டை பிடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் சொன்னதை மாற்றிச் சொல்லப் போவதில்லை. அருமைநாயகி ஒவ்வொரு கிழமையும் வந்து லண்டன் கிராமர் ஸ்கூலில் என்ன நடக்குது என்று கேட்கிறாள். உன் கடிதத்தில் இருக்கிறதை வாசித்துக் காட்டுகிறேன். இரண்டு பேரும் நல்லாய்ச் சிரிக்கிறோம். ஆனால் எங்களுக்குப் போதாது. மூன்று படி என்று எழுதினாய், சரி. முதல் படியில் எப்படிக் கால் வைக்கிறார்கள்? ஒரு பாடம் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது? ஐந்து வயதுப் பிள்ளையையும் ஒன்பது வயதுப் பிள்ளையையும் ஒரே ஹோலில் வைத்து எப்படிச் சமாளிக்கிறார்கள்? நீ எழுதியதில் பாதி உன் கோபம், மீதி பெற்றோல். கோபப்படுவதானால் விபரமாகக் கோபப்படு.

கனகாம்பிகை இதற்கு என்ன சொல்கிறாள்? அவளை நீ கேட்டாயா?

அக்கா தவநாயகி


தோர்ண்டன் ஹீத்.
05.03.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வயிறு எரிகிறது, ஆனால் அதற்குக் காரணம் சாப்பாடு இல்லை.

விபரம் கேட்டீர்கள், எழுதுகிறேன். சனிக்கிழமை பெயின்ற் அடித்து முடியவில்லை என்று ஒரு வேலைநாளிலும் போனேன். ஏணியில் நின்றுகொண்டு முழுக் கூத்தையும் பார்த்தேன்.

காலையில் ஜெபம், ஒரு பாட்டு. அதற்குப் பிறகு புதுப் பாடம் தொடங்குவதில்லை. நேற்றையது, முந்தநாளையது, போன மாதத்தையது எல்லாவற்றையும் ஒரு தரம் கத்தி முடிக்க வேண்டும். பிறகுதான் புதிது, அதுவும் துளியூண்டு. ஆசிரியை ஒரு வரி சொல்கிறார். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து திருப்பிச் சொல்கிறார்கள். பிறகு இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம், கடைசியில் தனித்தனி. எல்லாருக்கும் வாய்க்கு வந்த பிறகுதான் கொப்பியைத் திறக்க விடுகிறார்கள். அமோ, அமாஸ், அமாட் என்று கை தட்டிக்கொண்டு கத்துகிறார்கள். லத்தீனில் “நான் நேசிக்கிறேன், நீ நேசிக்கிறாய்” என்று அர்த்தமாம். இங்கிலாந்து ராஜாக்களின் பெயர்களையும் அதே மெட்டில் கத்துகிறார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டையும் அப்படித்தான். பெரிய பிள்ளைகள் ஒரு சுற்றுச் சொல்லி முடித்ததும் தங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பிள்ளையைச் சொல்ல வைக்க வேண்டும். ஆசிரியையின் சம்பளத்துக்குரிய வேலையில் பாதியைப் பிள்ளைகளே செய்கிறார்கள்.

கதை ஒன்றை ஒரே ஒரு தரம் சொல்வார்கள். திருப்பிக் கேட்டால் சொல்லமாட்டார்கள். உடனே ஒரு பிள்ளை எழும்பி அதைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். விட்டதை அடுத்த பிள்ளை நிரப்ப வேண்டும். பூமிசாத்திரத்துக்குப் புத்தகம் இல்லை. நிலத்தில் சோக்கால் தேசப்படம் கீறி, பிள்ளைகளை அதில் நிற்க வைக்கிறார்கள். என் மகள் ரோமாபுரியில் நிற்கிறாள். நான் அவளைச் சட்டனுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறேன்.

வசனத்தைப் பிரிப்பது இன்னொரு கரைச்சல். யார் செய்தது, என்ன செய்தது, யாருக்குச் செய்தது என்று மீன் துப்பரவு செய்கிற மாதிரித் துண்டு துண்டாக வைக்கிறார்கள். இது வீட்டுக்கும் வந்துவிட்டது. வேலையால் வந்து கதிரையில் விழுந்து, “சோறு” என்றேன். “அப்பா, அது வசனம் இல்லை, அதில வினை இல்லை” என்கிறாள். கனகாம்பிகை அகப்பையோடு நின்று சிரிக்கிறாள். அவளைக் கேட்டாயா என்று எழுதியிருந்தீர்கள். கேட்டேன். “பிள்ளை சந்தோசமாப் போய்ச் சந்தோசமா வாறாள். இதில உங்களுக்கு எங்க நோகுது?” என்றாள். அவளும் இப்போது சமைக்கும்போது அமோ, அமாஸ் சொல்கிறாள்.

கணக்கியந்திரம் இல்லை, கொம்பியூட்டர் இல்லை, படம் இல்லை. இந்த உலகம் எங்கே போகிறது, இவர்கள் எங்கே போகிறார்கள். நோர்பரியில் ரியூசனுக்குச் சேர்த்துவிட்டேன்.

இதற்கு மேல் விபரமாக என்னால் கோபப்பட ஏலாது.

பத்மநாதன்


தோர்ண்டன் ஹீத்.
21.05.1995

நிரோஜினி தவநாயகி மாமிக்கு வணக்கம் சொல்கிறாள்.

மாமி, நீங்கள் சுகமா? நான் சுகம். நான் ஏன் இப்படித் தொடங்கினேன் என்றால் ரோமர் இப்படித்தான் கடிதம் தொடங்குவார்கள். யார், யாருக்கு, வணக்கம். இங்கிலீஷ் கடிதத்தில் ஆளைக் கூப்பிடுகிறோம், “டியர் ஆன்ரி” என்று. தமிழ்க் கடிதத்திலும் ரோமர் கடிதத்திலும் கூப்பிடுவது இல்லை, கொடுக்கிறோம். மாமிக்கு. அந்தக் “கு” லத்தீனில் சொல்லின் வாலில் வருகிறது. தமிழிலும் வாலில் வருகிறது. என் வகுப்பில் ஒருவருக்கும் இது விளங்கவில்லை. எனக்கு மட்டும் உடனே விளங்கியது. மிஸஸ் பெல் என்னை எழும்பிச் சொல்லச் சொன்னார். எல்லாரும் சேர்ந்து “அம்மாவுக்கு, அப்பாவுக்கு, நாய்க்கு” என்று கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

கூப்பிடுவதற்கும் லத்தீனில் ஒரு வேற்றுமை இருக்கிறது. ஆள் எங்கே என்று தெரியாவிட்டாலும் கூப்பிடலாம். கொடுப்பதற்கு ஆள் இருக்க வேண்டும்.

அப்பா என்னை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போகிறார். எனக்கு விருப்பம் இல்லை. கிராமர் ஸ்கூலுக்குப் போனால்தான் டொக்டர் ஆகலாம் என்று அப்பா சொல்கிறார். ஆனால் டொக்டர் மாமா சென்னையில் படித்தவர். அங்கே கிராமர் ஸ்கூல் இல்லை. ஆகவே அப்பா சொன்னது பிழை. நான் இதைச் சொன்னேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிட்டார்.

நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். அம்மா சொன்னால் கேட்கமாட்டார். தயவுசெய்து சொல்லுங்கள் மாமி.

அன்புடன்
நிரோஜினி

(இதில் உள்ள பிழைகள் அவளுடையவை. நான் கை வைக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழும்பியது வயிற்று எரிவால். ப.)


உரும்பிராய்.
30.07.1995

அன்புள்ள தம்பிக்கும் மருமகளுக்கும்,

கடிதம் நேற்றுத்தான் வந்தது. இங்கே திரும்பவும் ஷெல் சத்தம். பள்ளிக்கூடம் சில நாள் நடக்கிறது, சில நாள் இல்லை. நான் நல்லாய் இருக்கிறேன், அதைப் பற்றி வேறு கேட்க வேண்டாம்.

நிரோஜினி, உன் கடிதத்தை என் வகுப்பில் வாசித்தேன். தமிழுக்கு வேற்றுமை எட்டு. உன் ரோமருக்கு ஆறுதானாம் என்று இங்கே ஒரு மாஸ்ரர் சொன்னார். அதை மிஸஸ் பெல்லிடம் பக்குவமாகச் சொல், பெருமையடிக்காதே. கொடுப்பது நான்காம் வேற்றுமை, கூப்பிடுவது எட்டாம் வேற்றுமை. நீ சொன்ன வித்தியாசத்தை நான் இருபது வருடமாக வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னுடையது நல்லாய் இருக்கிறது. இனி அதைத்தான் சொல்வேன்.

தம்பி, பிள்ளை பரீட்சை எழுதட்டும். எழுதினால் உடம்பு தேய்ந்துவிடாது. ஆனால் போவதா விடுவதா என்று நீ முடிவெடுக்காதே. கோபத்தில் இருக்கிற ஆள் பிள்ளையின் படிப்பில் கை வைக்கக் கூடாது. முடிவு வந்ததும் எழுது, நான் சொல்கிறேன். என் சொல்லை நீ கேட்பாய் என்று உன் மகளுக்கே தெரிந்திருக்கிறது.

வயிற்றுக்கு மோர் குடி.

அக்கா


தோர்ண்டன் ஹீத்.
19.11.1995

அன்புள்ள அக்காவுக்கு,

உரும்பிராய் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அங்கே யாரும் இல்லை என்று றேடியோ சொல்கிறது. முழு யாழ்ப்பாணமும் ஒரே இரவில் எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தது என்று சொல்கிறார்கள். வேறு விலாசம் எனக்குத் தெரியாது. கொழும்பில் இருக்கிற, உங்களோடு படிப்பித்த சுந்தரராஜன் மாஸ்ரருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன், யாராவது வருகிற ஆளிடம் கொடுக்கச் சொல்லி.

நேற்றுப் பரீட்சை. பிள்ளை எழுதினாள். எப்படி என்று கேட்டேன், “கேள்வியள் எல்லாம் லேசு அப்பா, ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை” என்றாள். சட்டன் பள்ளிக்கூடம் பெரிய கட்டிடம், பச்சைப் புல். வாசலில் எங்கள் சனம் பிளாஸ்கும் குடையுமாக நின்றது. எல்லாரும் பரீட்சையைப் பற்றிக் கதைத்தார்கள், பிறகு ஊரைப் பற்றி மட்டும் கதைத்தார்கள்.

அந்த முழங்காலோடு எப்படி நடந்தீர்கள்? ஒரு துண்டுக் கடதாசியில் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

பத்மநாதன்


தோர்ண்டன் ஹீத்.
03.03.1996

அக்கா,

“அக்காவுக்கு” என்றுதான் எழுதத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற நிரோஜினி, மாமி எங்க எண்டு தெரியாது, இப்ப எட்டாம் வேற்றுமைதான் போடலாம் என்றாள். வேறு நேரமென்றால் ஏசியிருப்பேன். வெட்டிவிட்டு அவள் சொன்னபடி எழுதினேன்.

அக்கா, பிள்ளை எடுபட்டுவிட்டாள். உண்மையான கிராமர் ஸ்கூல். கடிதம் வந்திருக்கிறது, முத்திரையோடு. டொக்டர் பத்ரிநாராயணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய மகளுக்குக் கிடைக்கவில்லை. ஒன்றரை வருடமாக நான் கேட்டது இதுதான். இனிமேல் கோயிலில் கொடுத்த லட்டு பொய் இல்லை.

பிள்ளை போகமாட்டேன் என்கிறாள். அழவில்லை, கத்தவில்லை, நியாயம் கதைக்கிறாள். அழுதால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். கனகாம்பிகை என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டாள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும்.

முடிவெடுக்காதே, நான் சொல்கிறேன் என்று எழுதினீர்களே. எங்கேயிருந்து சொல்லப் போகிறீர்கள்? ஆவணியில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துவிட்டு, கேட்கிற நேரத்தில் இப்படி வாய் மூடி இருந்தால் நான் என்ன செய்வது? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

பத்மநாதன்


கொடிகாமம்.
14.01.1996

அன்புள்ள தம்பிக்கு,

இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிட்டேன், இனிப் பதறாமல் வாசி.

வெளிக்கிட்ட நாளைப் பற்றி எழுதமாட்டேன். எல்லாரும் நடந்தார்கள், நானும் நடந்தேன். முழங்கால் கொண்டுவந்து சேர்த்தது, இனி அதைக் குறை சொல்லமாட்டேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். வகுப்பறைகளில் குடும்பங்கள் இருப்பதால் வகுப்புகள் மாமரத்துக்குக் கீழே. உன்னுடைய கடிதம் ஒன்றும் வரவில்லை. இது யாரோ கொழும்புக்குப் போகிற ஆளிடம் போகிறது, எப்போது வருமோ தெரியாது.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் என் தலையில். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை, கரும்பலகை இல்லை. முதல் நாள் மரத்துக்குக் கீழே நின்று என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயிற்சிக் கல்லூரியில் படித்த ஒன்றும் உதவவில்லை. அப்போது உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது, ஏணியில் நின்று எரிச்சலில் எழுதினாயே, அது. கடிதத்தை நான் கொண்டுவரவில்லை. அருமைநாயகிக்கு எத்தனையோ தரம் வாசித்துக் காட்டியதில் எனக்கு அது வரிக்கு வரி பாடம்.

பழையதை முதலில் சொல்ல வைத்தேன். பிறகு புதிது, துளியூண்டு. எல்லாரும் சேர்ந்து, பிறகு பக்கம் பக்கமாக, பிறகு தனித்தனி. பெரியவை சின்னவைக்குச் சொல்லிக் கொடுக்குதுகள். கதையை ஒரே தரம்தான் சொல்கிறேன். மண்ணில் தேசப்படம் கீறி நிற்க வைக்கிறேன். கை தட்டிக்கொண்டு எட்டு வேற்றுமையும் சொல்லுதுகள், றோட்டால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அருமைநாயகியும் இங்கேதான் இருக்கிறாள், வாய்ப்பாட்டுக்கு அவள்தான் பொறுப்பு. வருகிறவர்களிடமெல்லாம் இது லண்டன் கிராமர் ஸ்கூல் முறை, பத்மநாதனின் மகள் படிக்கிற இடம் என்று சொல்கிறாள். நான் திருத்தவில்லை. அதில் பிழையும் இல்லை.

உன் மகள் பரீட்சை எழுதியிருப்பாள். எடுபட்டும் இருப்பாள். போவதா விடுவதா என்று நான் சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது சொல்ல எனக்கு நியாயம் இல்லை, என் சொந்தத் தேவை இதில் கலந்துவிட்டது. அவள் அந்தச் சேர்ச் ஹோலிலேயே இருந்தால்தான் எனக்கு அடுத்த படி வந்து சேரும். ஆகவே நீயே முடிவெடு.

பெரிய பிள்ளைகள் இப்போது எதற்கெடுத்தாலும் என்னோடு எதிர்த்துக் கதைக்குதுகள். இரண்டாவது படிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். லொஜிக்கை அந்த ஆட்கள் எப்படித் தொடங்குகிறார்கள் என்று நீ எழுதவே இல்லை.

வயிறு எப்படி?

அக்கா தவநாயகி


தோர்ண்டன் ஹீத்.
24.03.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் தை மாதம் எழுதியது இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கனகாம்பிகை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிரோஜினி உங்கள் பெயருக்குப் பக்கத்தில் திரும்பவும் “கு” போடலாம் என்றாள். போட்டிருக்கிறேன். வயிறு பரவாயில்லை.

சட்டன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வரவில்லை என்று பதில் போட்டாயிற்று. அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். டொக்டர் பத்ரிநாராயணன் “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டார். பெற்றோல் மூடியை இறுக்கிப் பூட்டுங்கள் என்று சொன்னேன்.

இனி லொஜிக். இது கிராமரை விட மோசம். ஹோலின் பின் சுவருக்கு இரண்டாவது பூச்சு அடிக்க வேண்டும் என்று நானாகவே சொல்லிக்கொண்டு போனேன். மிஸஸ் பெல்லின் கணவர்தான் பெரிய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்; எதிர்த்துக் கதைக்கத் தொடங்கிவிட்டாள் என்று நிரோஜினியையும் அதில் இருத்தியிருக்கிறார்கள். முதல் பாடத்தில் புதிதாக ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை. இரண்டு பிள்ளைகளை எதிரும் புதிருமாக நிறுத்துகிறார். ஒரு பிள்ளை ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். மற்றது அதை எதிர்ப்பதற்கு முதல், அவன் சொன்னதை அவனே “ஓம், நான் சொன்னது அதுதான்” என்று ஒத்துக்கொள்கிற மாதிரித் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை எதிர்க்க விடமாட்டார். இதை எங்கள் வீட்டில் செய்தால் சோறு ஆறிக் கல்லாகிவிடும். ஆனால் சண்டையில் பாதி அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. பார்த்தேன். உங்கள் மாமரத்துக்குக் கீழே இதற்குக் கொப்பி தேவையில்லை.

இரண்டாவது, சொன்ன ஆளைப் பற்றிக் கதைக்கக் கூடாது, சொன்னதைப் பற்றித்தான் கதைக்க வேண்டும். “நீ எப்பவும் இப்படித்தான்” என்று ஒரு பிள்ளை தொடங்கினால் மற்றப் பிள்ளைகள் மேசையில் தட்டுகிறார்கள். நிரோஜினி இதை வீட்டில் தொடங்கி, எனக்குக் கதைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டாள்.

மூன்றாவது, பிழையான நியாயம் ஒன்றைச் சொல்லி, அது எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வது. எளிதானது முதலில், பிறகு கஷ்டமானது. அன்றைக்கு அவர் சொன்னது இது: அந்தக் கொட்டிலில் நிற்பவை எல்லாம் நல்ல குதிரைகள். இந்தக் குதிரை அந்தக் கொட்டிலில் நிற்கவில்லை. ஆகவே இது நல்ல குதிரை இல்லை.

பிள்ளைகள் முழித்தார்கள். சரிதானே என்றான் ஒருவன். நான் ஏணியில் நின்றேன், கையில் தூரிகை, பெயின்ற் வழிந்து சட்டைக் கைக்குள் போகிறது. இதில் என்ன முழிக்க இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தூரிகையோடேயே கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வேறு கொட்டிலிலும் நல்ல குதிரை நிற்கும் சேர் என்றேன்.

சரி என்றார். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிரோஜினி மட்டும் குனிந்து கொப்பியைப் பார்த்தாள், ஆனால் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அருமைநாயகிக்குச் சொல்லுங்கள். பத்மநாதன் கிராமர் ஸ்கூலைத் தாண்டி லொஜிக்குக்கு வந்துவிட்டான் என்று சொல்லுங்கள்.

தம்பி
பத்மநாதன்